செம்பஞ்சும் வெடிபஞ்சும்

1

சென்ற பொங்கலுக்கு அண்ணன் மகள் பெங்களூரிலிருந்து குன்னூர் வந்தபோது, தபால் உறை அளவில் ஒரு பாக்கெட்டை என் முன் வைத்தாள். உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் தாளில் நக வடிவில் வெட்டிய பட்டைகள். ஆழ்ந்த சிவப்பு. "ஸ்டிக்கர் இல்ல அத்தை, நெஜமான நெயில் பாலிஷ். பூச வேணாம், காய வைக்க வேணாம், எடுத்து ஒட்டிக்கலாம்" என்றாள்.

ஒட்டிப் பார்த்தேன். அதற்கு ஒரு முறை இருக்கிறது. நகத்தில் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைக்கவேண்டும். நகத்தின் அகலத்துக்குப் பொருந்தும் பட்டையைத் தேர்ந்து, அதன் மேல் மூடியிருக்கும் தோலை உரித்து, வளைந்த ஓரத்தை நகத்தின் அடியில் பொருத்தி, நடுவிலிருந்து ஓரங்களுக்குத் தடவி அழுத்தவேண்டும். நுனிக்கு வெளியே நீளும் மிச்சத்தை மடித்து, உப்புத்தாள் ஒட்டிய சிறு அரத்தால் கீழ்நோக்கித் தேய்த்தால் அறுந்து வருகிறது. முதல் இரண்டு விரலில் சுருக்கம் விழுந்தது. மூன்றாவதிலிருந்து கை பழகிவிட்டது. பிரித்த பாக்கெட்டை மறுமுறைக்கு எடுத்துவைக்க முடியாது என்றாள் அவள். பட்டைக்குள் கரைப்பான் சிறிது மிஞ்சியிருப்பதால்தான் அது வளைகிறது. காற்றுப் பட்டால் அதுவும் ஆவியாகி, பட்டை விறைத்துப்போகும். அதாவது, முக்கால் பங்கு உலர்ந்த பூச்சை உறைக்குள் அடைத்து விற்கிறார்கள். மீதிக் கால் பங்கு நம் நகத்தின் மேல் உலர்கிறது.

உறையின் பின்புறம் பொடி எழுத்தில் அடங்கியிருக்கும் பொருள்களின் பெயர்கள். எத்தில் அசிடேட், பியூட்டைல் அசிடேட், பிறகு நைட்ரோசெல்லுலோஸ். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

இந்த மலையில் வாழ்கிறவர்களுக்கு அந்தப் பெயர் அந்நியமல்ல. குன்னூரிலிருந்து ஊட்டி ரயிலில் ஏறினால் வெல்லிங்டனுக்கு அடுத்த நிலையம் அருவங்காடு. அங்கே பள்ளத்தாக்கு முழுவதும் வேலி போட்டு நிற்பது கார்டைட் தொழிற்சாலை. முப்பது வருஷம் நான் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்த வகுப்புகளில் எத்தனையோ பிள்ளைகளின் அப்பாக்களுக்கு அங்கேதான் வேலை. நைட்ரோசெல்லுலோஸ் என்று கரும்பலகையில் எழுதினால் "எங்கப்பா டிபார்ட்மென்ட் டீச்சர்" என்று ஒரு பையன் எழுந்து நிற்பான். அந்தப் பெயரை என் மோதிர விரலின் மேல் வாசிக்க நேரும் என்று நான் நினைத்ததில்லை.

அருவங்காட்டுப் பஞ்சு நகப்பூச்சுப் புட்டிக்குள் போயிற்று என்று நான் சொல்ல வரவில்லை. பொருள் ஒன்று, மலை ஒன்று. அந்தப் பொருள் இந்த மலையில் யாருடைய கைக்கு, எப்போது, என்னவாக வந்தது என்பது மட்டுமே இங்கு கேள்வி.

2

நகத்துக்கும் பாதத்துக்கும் சிவப்பேற்றுவது நமக்குப் புதிதல்ல. சிலப்பதிகாரத்தில் கடலாடு காதையில் மாதவி தன்னை அலங்கரித்துக்கொள்ளும் இடத்தில் அலத்தகம் வருகிறது. அலத்தகம் என்பது அரக்குப் பூச்சி தரும் செஞ்சாயம். பஞ்சில் ஊறவைத்து அதைப் பாதத்தில் ஒற்றுவதால் செம்பஞ்சுக் குழம்பு என்ற பெயரும் வந்தது. பொருநராற்றுப்படையில் விறலியின் விரலுக்கு உயர்ந்த மலையில் பூக்கும் காந்தளும் நகத்துக்குக் கிளியின் அலகும் உவமையாகின்றன. நகத்தின் பழைய பெயரான உகிர் அங்கே இருக்கிறது. உரை எழுதியவர்கள் காந்தளின் மென்மையைப் பற்றி விரித்தார்கள். கிளியின் அலகு எதையாவது கொத்தும் அலகு என்பதில் நிற்கவில்லை. மலைக் காந்தள் இன்றும் நீலகிரிச் சரிவுகளில் பூக்கிறது. அந்தச் சரிவுகளில் வேலை செய்த விரல்கள் காந்தளாக இருந்ததில்லை.

செம்பஞ்சில் பஞ்சு வெறும் வாகனம். நிறத்தைச் சுமந்து வந்து பாதத்தில் விட்டுவிட்டு ஒதுங்கிவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பஞ்சே பூச்சாக மாறியது. 1846இல் பாசல் நகரத்து ரசாயனப் பேராசிரியர் ஷோன்பைன், பஞ்சை நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் சேர்ந்த கலவையில் தோய்த்துக் கழுவி உலர்த்தும் முறையை அறிவித்தார். கண்ணுக்குப் பஞ்சு; தொட்டாலும் ஏறக்குறையப் பஞ்சு; நெருப்புக் காட்டினால் புகையும் சாம்பலும் இல்லாமல் கண நேரத்தில் மறையும். அதுதான் வெடிபஞ்சு. நைட்ரஜன் 13 சதவிகிதத்தை நெருங்கினால் துப்பாக்கிக்கு ஆகும். 11, 12 சதவிகிதத்தில் நின்றுவிட்டால் தகுந்த கரைப்பானில் கரைந்து பாகாகும். பாகைப் பூசி உலரவிட்டால் கண்ணாடி போன்ற ஒரு தோல் மிஞ்சும். ஒரே பஞ்சு, ஓரிரு சதவிகித வித்தியாசத்தில் ஒரு புறம் வெடியாகவும் மறுபுறம் தோலாகவும் பிரிந்துபோகிறது.

ஈதரிலும் சாராயத்திலும் கரைத்த அந்தப் பாகுக்குக் கொலோடியன் என்று பெயர். பசை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அதன் முதல் உபயோகங்களில் ஒன்று காயத்தின் மேல் பூசுவது. ரணத்தின் மேல் உலர்ந்து, இறுகி, அதை மூடும். இன்றைய நகப்பூச்சு பரம்பரையில் அந்தக் காயப்பூச்சின் பேத்தி என்று சொல்லலாம். 1870இல் அமெரிக்காவில் ஹையட் என்பவர் கற்பூரம் சேர்த்து அதைக் கெட்டியாக்கிக் காப்புரிமை பெற்றார். அது செல்லுலாய்டு. பில்லியர்ட்ஸ் பந்துக்கு யானைத் தந்தத்துக்குப் பதில் ஏதாவது கிடைக்காதா என்ற தேடலில் பிறந்தது. ஸ்நூக்கர் ஆட்டம் 1875இல் ஜபல்பூர் ராணுவ முகாமில் தொடங்கி, பின்னால் ஊட்டி கிளப்பில் விதிகள் எழுதப்பட்டு உலகத்துக்குப் போனது என்பதை இந்த ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். மேஜை இங்கே, விதி இங்கே, தந்தத்துக்கு மாற்று எங்கோ. யானை மட்டும் அப்போதும் இங்கேதான் இருந்தது.

3

இந்த மலைக்கு அந்தப் பாகு முதலில் வந்தது நகத்துக்காக அல்ல, பார்ப்பதற்காக.

1851இல் லண்டனில் ஆர்ச்சர் என்பவர் கொலோடியனைக் கண்ணாடித் தகட்டில் ஊற்றிப் படமெடுக்கும் முறையை வெளியிட்டார். தகடு ஈரமாக இருக்கும்போதே படமெடுத்து, ஈரம் காய்வதற்குள் கழுவிவிடவேண்டும். அவகாசம் ஒரு கால் மணி நேரம்கூட இல்லை. ஆகவே படமெடுக்கிறவன் போகுமிடமெல்லாம் இருட்டறைக் கூடாரமும் கண்ணாடிப் பெட்டிகளும் ரசாயனப் புட்டிகளும் சுமை தூக்கிகளின் தலையில் போயின. அடுத்த முப்பது வருஷங்களுக்கு உலகம் அந்த ஈரத் தகட்டின் வழியாகத்தான் தன்னைப் பார்த்துக்கொண்டது.

1873இல் லண்டனில் கர்னல் மார்ஷல் தோடர்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். மண்டையோட்டின் மேடு பள்ளங்களை வைத்து மனிதனின் குணத்தைக் கணிக்கும், இன்று யாரும் நம்பாத, ஒரு சாஸ்திரத்தின் கண்ணோடு தோடர்களிடம் போனவர் அவர். தலைப்பிலேயே அதைச் சொல்லிக்கொள்கிறார். படங்கள் சிம்லாவின் பௌர்ன் அண்டு ஷெப்பர்டு, சென்னையிலும் ஊட்டியிலும் கடை வைத்திருந்த நிக்கலஸ் அண்டு கர்த்ஸ் ஆகிய கம்பெனிகள் எடுத்தவை. அந்தக் காலத்துப் படங்களை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். பார்க்கப் பார்க்க ஒன்று தெரியும். கைகள் எல்லாம் ஓய்ந்திருக்கின்றன. மடியில், முழங்காலில், போர்வையின் மடிப்பில். அதற்குக் காரணம் ரசனை மட்டுமல்ல. ஈரத் தகட்டுக்குப் பல விநாடி வெளிச்சம் வேண்டும். அந்த விநாடிகளில் அசைந்தது எதுவோ அது புகையாகிவிடும். வேலை செய்கிற கையை அந்தப் பஞ்சுப் பாகினால் பிடிக்க முடியாது. ஒரு கை வரலாற்றில் பதியவேண்டுமானால் அது முதலில் வேலையை நிறுத்தவேண்டும்.

இதே பத்தாண்டுகளில்தான் காடு தோட்டமாயிற்று. 1860களில் தயாசோலை, டன்சாண்டல் பகுதிகளில் தேயிலை வியாபார அளவில் வேர்விட்டது. கொழுந்து பறிப்பது என்பது ஒரு கண அசைவு. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் கூடி, ஒரு மொட்டும் இரண்டு இலையும் சேர்ந்த முனையைக் கிள்ளிவிட்டு அடுத்த செடிக்குப் போய்விடும். ஈரத் தகட்டுக்கு அது கண்ணுக்கே தெரியாத வேலை.

4

இரண்டாவது முறை அந்தப் பஞ்சு வந்தது வெடியாக.

1889இல் ஏபலும் டியூவரும் கண்டுபிடித்த கார்டைட்டில் நைட்ரோகிளிசரின் 58 பங்கு, வெடிபஞ்சு 37 பங்கு, வாசலின் 5 பங்கு. மூன்றையும் சேர்த்துப் பிசைய வேண்டிய திரவம் அசிட்டோன். பிசைந்த மாவைத் துளை வழியே நூல்நூலாகப் பிழிந்து, அசிட்டோன் ஆவியாகும்வரை உலர்த்துவார்கள். கயிறு போல வருவதால் அந்தப் பெயர். நம் வீட்டில் முறுக்கு பிழிவதை நினைத்துக்கொள்ளுங்கள் என்று வகுப்பில் சொல்வேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். அப்பா அங்கே வேலை செய்கிற பிள்ளைகள் சிரிக்க மாட்டார்கள்.

1903-04இல் அருவங்காட்டில் தொழிற்சாலை எழுந்தது. காட்டேரி அருவியின் நீரை விழச்செய்து அதற்கு மின்சாரம் எடுத்தார்கள். ஊட்டிவரை ரயில் பாதை போனது 1908இல்தான். வெடி அதற்கு முன்பே மலையேறிவிட்டது. பட்டாளத்துக்கு வேண்டிய வெடிமருந்து இங்கிருந்து போயிற்று. இரண்டு உலக யுத்தங்கள் அதைப் பெருக்கின. 2021இல் அரசின் படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டபோது அது மியூனிஷன்ஸ் இந்தியா என்ற அரசுக் கம்பெனியின் கீழ் வந்தது. வேலி அப்படியே இருக்கிறது.

யுத்தத்தில் பஞ்சைவிட அசிட்டோனுக்குத்தான் தட்டுப்பாடு வந்தது. முதல் உலக யுத்தத்தின்போது, தானியத்தைப் புளிக்கவைத்து அசிட்டோன் எடுக்கும் முறையை வைஸ்மன் பிரிட்டனுக்குத் தந்தார். தானியம் போதாமல் 1917இல் அங்கே பள்ளிப் பிள்ளைகள் மரத்தடியில் குதிரைக் கஷ்கொட்டைக் காய் பொறுக்கினார்கள். எதற்காக என்று அவர்களிடம் சொல்லப்படவில்லை. இன்று குன்னூர் பெட் போர்டு கடைவீதியில், நகப்பூச்சை அழிக்கும் திரவம் என்று சிறு புட்டியில் விற்பது பெரும்பாலும் அந்த அசிட்டோன்தான். பட்டையைக் கழற்ற அதில் பஞ்சைத் தோய்த்து நகத்தின் மேல் வைத்தேன். மீண்டும் பஞ்சு, மீண்டும் அசிட்டோன். ஒரு தொழிற்சாலை முழுவதும் செய்த காரியத்தை நான் ஒரு விரலின் மேல் பின்னோக்கிச் செய்துகொண்டிருந்தேன்.

நகத்துக்கு அது எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடவேண்டும். முதல் யுத்தம் முடிந்தபோது அமெரிக்காவில் நைட்ரோசெல்லுலோஸ் செய்யும் ஆலைகள் ஏராளம். சுடுவதற்கு ஆள் இல்லை. 1920களில் அது மோட்டார் காருக்குப் பூசும் வார்னிஷாயிற்று. நாட்கணக்கில் உலரவேண்டிய கார் சில மணி நேரத்தில் உலர்ந்தது. அதே சூத்திரம் சிறு புட்டிக்குள் புகுந்து நகத்துக்கு வந்தது. 1932இல் ரெவ்லான் தொடங்கியது நகப்பூச்சு ஒன்றை மட்டும் வைத்துத்தான். அதற்கு முன்பே, 1911இல், நகத்தடித் தோலை நீக்கும் திரவத்தோடு கடை விரித்த க்யூடெக்ஸ் கம்பெனியின் பெயர் நம்மிடம் பொதுப்பெயராகவே தங்கிவிட்டது. இலங்கைத் தோட்டத்திலும் சரி, இங்கேயும் சரி, எங்கள் சிறுவயதில் நகப்பூச்சு என்றோ நெயில் பாலிஷ் என்றோ யாரும் சொன்னதில்லை. எந்தக் கம்பெனிப் புட்டியானாலும் க்யூடெக்ஸ்தான். 1952இல் டாட்டா தொடங்கிய லக்மேயின் புட்டியைக்கூட லக்மே க்யூடெக்ஸ் என்றுதான் கேட்டு வாங்குவார்கள்.

5

மூன்றாவதாகப் பஞ்சு படச்சுருளாக வந்தது. ஆனால் இந்தமுறை சாதி மாறி வந்தது.

நைட்ரேட் படச்சுருள் என்பது செல்லுலாய்டுதான். வெடிபஞ்சின் நெருங்கிய தம்பி. நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த 'கீசக வதம்' தொடங்கித் தென்னிந்திய மௌனப் படங்கள் எல்லாம் அதில்தான் பதிந்தன; அநேகமாக எல்லாம் அழிந்தும் போயின. சில எரிந்தன, சில பெட்டிக்குள்ளேயே பிசினாகிப் பொடியாயின. 2003 ஜனவரியில் புனே ஆவணக் காப்பகத்தின் நைட்ரேட் சுருள்கள் எரிந்தது அந்தக் கதையின் கடைசிப் பக்கங்களில் ஒன்று. தன்மேல் எழுதியதைத் தானே தின்றுவிடும் தாள் அது.

1960இல் ஊட்டியில் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் உருவாகி, பிரான்சின் பௌஷே கம்பெனியின் தொழில்நுட்பத்தோடு 1967இல் உற்பத்தி தொடங்கியபோது உலகம் நைட்ரேட்டைக் கைவிட்டிருந்தது. அமிலத்தை மாற்றி, அசிடேட் பக்கம் திருப்பிய, எரியாத செல்லுலோஸ் வந்திருந்தது. தூசியில்லாத குளிர்ந்த காற்று வேண்டும் என்பதற்காக ஊட்டியைத் தேர்ந்தார்கள். இந்து என்பது அந்த ஃபிலிமின் பெயர். தொழிற்சாலையை ஒட்டிய இடம் இன்றும் இந்து நகர். கறுப்பு வெள்ளைச் சினிமாவும், கல்யாணப் படங்களும், எக்ஸ்ரேயும் அதில் எடுத்தார்கள். பிறகு வண்ணம் வந்தது, இறக்குமதி வந்தது, டிஜிட்டல் வந்தது; பல வருஷம் நஷ்டத்தில் கிடந்து மூடப்பட்டுவிட்டது.

1988இல் மழையில் கானில் வழுக்கி விழுந்து அம்மாவின் வலது மணிக்கட்டு வீங்கியபோது எடுத்த எக்ஸ்ரே என்னிடம் இருக்கிறது. படமெடுத்தவர் "நம்ம ஊட்டி ஃபிலிம்" என்றார். எலும்பு முறியவில்லை. கையின் இருபத்தேழு எலும்பும் வெள்ளையாக நிற்கின்றன. பெருவிரலின் அடி மூட்டு மட்டும் தேய்ந்து பிசகியிருப்பதை டாக்டர் பென்சிலால் காட்டினார். "என்ன வேலை?" என்றார். சொன்னேன். தலையசைத்தார். 1895இல் ராண்ட்ஜன் எடுத்த முதல் எக்ஸ்ரேக்களில் ஒன்று அவர் மனைவியின் கை. அதில் எலும்பும் மோதிரமும் தெரியும். அம்மாவின் படத்தில் மோதிரம் இல்லை. நகமும் இல்லை. நகத்தை எக்ஸ்ரே பொருட்படுத்துவதில்லை.

6

1964 அக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. பத்து லட்சத்துக்குச் சற்றுக் குறைவான மலையகத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் நின்ற 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பங்கு போட்டார்கள். நாங்கள் தலைமன்னாரில் கப்பலேறியது அந்த வருஷம். எனக்கு ஒன்பது வயது. ராமேஸ்வரம், மண்டபம் முகாம், பிறகு நீலகிரி. எங்களைப் போன்றவர்களைக் குடியமர்த்த 1968இல் வனத்துறைத் திட்டமாகத் தொடங்கியது 1976இல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. எங்கள் குடும்பத்துக்குக் குன்னூர்ப் பக்கம் ஒரு தனியார் தோட்டத்தில் இடம் கிடைத்தது. அங்கே லயம், இங்கே லைன் வீடு. அங்கே துரை, இங்கேயும் துரை. அம்மா இடுப்பில் படங்கைச் சுற்றிக்கொண்டு காலையில் பிரட்டுக்குப் போவது மட்டும் எந்த ஒப்பந்தத்திலும் மாறவில்லை.

அம்மாவின் வலது பெருவிரல் நகமும் ஆள்காட்டி விரல் நகமும் கருப்பு. அழுக்கு அல்ல, புளி போட்டுத் தேய்த்தாலும் போகாது. கொழுந்தைக் கிள்ளும்போது கசியும் சாறு காற்றோடு கலந்து பழுத்துக் கறுக்கிறது. தொழிற்சாலையில் உருட்டிய இலை தேயிலையாக மாறுவதும் அதே வினைதான். ஆக, தோட்டத்துப் பெண்களின் நகத்தின் மேலும் தினம் ஒரு சிட்டிகைத் தேயிலை தயாராகிறது. அதை யாரும் நிறுத்துக் கணக்கெழுதுவதில்லை.

நாங்கள் பெண்கள் சிவப்பை விரும்பவில்லை என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். நம் முற்போக்குக் கதைகளில் நகத்துக்குச் சாயம் பூசியவள் பெரும்பாலும் பங்களாக்காரி. அந்தச் சாயத்தைப் பார்த்தாலே கதாசிரியருக்கு அவள் குணம் தெரிந்துவிடும். புதுமைப்பித்தன் 1930களில் 'துன்பக்கேணி' எழுதி இலங்கைத் தோட்டத்தைத் தமிழுக்குக் காட்டினார். அதற்குப் பிறகும் தோட்டத்துப் பெண் நம் எழுத்தில் துன்பப்படுவதற்கு மட்டும் அனுமதிக்கப்பட்டாள். ஆசைப்பட அனுமதிக்கப்படவில்லை. லைனில் என் வயதுப் பெண் ஒருத்தி, கல்யாணம் நிச்சயமான வாரத்தில், குன்னூர்ச் சந்தையில் வாங்கிய க்யூடெக்ஸைப் பத்து விரலிலும் பூசிக்கொண்டு வேலைக்குப் போனாள். மேற்பார்வை பார்த்தவர் எல்லோர் முன்னும் அவள் கையைத் தூக்கிக் காட்டி, கொழுந்தில் சாயம் ஒட்டும் என்று சொல்லி, அன்றைக்கு வேறு வேலைக்கு அனுப்பினார். அவள் கவ்வாத்துக் கழி பொறுக்கினாள். சாயங்காலத்துக்குள் பூச்சு தானாகவே உதிர்ந்துவிட்டது. கொழுந்தின் கறை விரலில் ஒட்டலாம். விரலின் சாயம் கொழுந்தில் ஒட்டக்கூடாது. அந்த மலையின் பொருளாதாரத்தை இதைவிடச் சுருக்கமாக எனக்கு யாரும் விளக்கியதில்லை.

அம்மா மருதாணிக்காரி. ஆடியிலும் தீபாவளியிலும் அரைத்து வைப்பாள். மருதாணியின் சாயம் நகத்தின் உள்ளே போய்ப் பிடித்துக்கொள்ளும். அழியாது, வளர்ந்துதான் போகும். நகம் மாதத்துக்கு மூன்று மில்லிமீட்டர் சுமாருக்கு வளர்கிறது. அடியில் வெள்ளைப் பிறை தெரியும், சிவப்பு மெல்ல நுனிக்கு நகரும், ஆறு மாதத்தில் வெட்டப்பட்டு முடிந்துவிடும். ஒரு பண்டிகைக்கும் அடுத்த பண்டிகைக்கும் இடையிலான தூரத்தை அம்மா நகத்தில் பார்த்துச் சொல்வாள்.

அம்மா 2000இல் ஓய்வு பெற்றாள். நாற்பது வருஷத்துக்கு மேல் இரண்டு தேசத்தில் கொழுந்து பறித்த கை. தீபாவளிக்கு நான் அவள் கையைப் பிடித்து மருதாணி வைக்கும்போதுதான் கவனித்தேன். நகங்கள் பத்தும் ஒரே நிறம். கறை வளர்ந்து, வெட்டப்பட்டு, போய்விட்டிருந்தது. கணக்குப் போட்டால் சரியாகத்தான் இருந்தது, ஆறு மாதம். கொழுந்து பறித்த நகத்தில் ஒரு துணுக்குக்கூட உலகத்தில் மிச்சமில்லை. தோட்டத்துச் சம்பளப் பேரேட்டில் அவள் பெயர் இருக்கலாம்; இந்து ஃபிலிமில் அவள் மூட்டு இருக்கிறது. கறைக்கு ஆவணம் இல்லை.

வரலாறு எழுதுகிறவர்களிடம் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. நீலகிரியைப் பற்றிய நூல்களுக்குப் பஞ்சமில்லை. எந்த கலெக்டர் எந்த வருஷம் எந்த வழியாக ஏறினார், எந்தச் செடி எந்தக் கப்பலில் வந்தது, எல்லாம் இருக்கிறது. நான் அவற்றைப் பழிக்கவில்லை. இந்தக் கட்டுரையில் உள்ள வருஷங்களுக்கு நான் அவற்றுக்குத்தான் கடன்பட்டிருக்கிறேன். ஆனால் அவை எழுதப்பட்ட விதம் இந்தப் பட்டையை ஒத்தது. வேறெங்கோ தயாராகி, முக்கால் உலர்ந்து, அளவு பார்த்து ஒட்டப்படுகிறது. ஒட்டியதும் அழகாகவே இருக்கிறது. ஓரத்தில் மிஞ்சுவதை அரத்தால் தேய்த்து நீக்கிவிடலாம். நகத்தில் வரி இருந்தால் மட்டும் சுருக்கம் விழும்.

7

என் ஐந்து விரலும் முடிந்ததும் அண்ணன் மகள் மீதிப் பட்டைகளை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனாள். பிரித்தாகிவிட்டது, வீணாகப் போகும் என்று காரணம் சொன்னாள்.

"அப்பாயி, கையக் குடுங்க."

"எனக்கெதுக்குடி இந்த வயசுல" என்றாள் அம்மா. கை ஏற்கனவே நீண்டிருந்தது.

இடது கையில் சுலபமாக நின்றது. வலது கையில் நான்கு விரலும் தப்பில்லை. பெருவிரல் நகம் தடித்து, நெடுக வரிவரியாக ஏர் உழுதது போலிருந்தது. அண்ணன் மகள் இரண்டு பட்டையை வீணாக்கினாள். மூன்றாவதை அழுத்தி அழுத்தித் தடவி ஒருவாறு படியவைத்தாள். வரியின் மேல் சிவப்பு பாலம்போல நின்றது, அடியில் காற்று.

அம்மா கையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "இது எத்தன நாளைக்கு?"

"பத்து நாள் இருக்கும் அப்பாயி."

"நகத்தோட வளராதா?"

"வளராது. அசிட்டோன் வச்சு எடுத்துடலாம்."

அம்மாவுக்கு அது சமாதானமாகப் படவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, கையை முட்டியின் மேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். பழைய படங்களில் இருப்பதுபோலக் கை ஓய்ந்திருந்தது.

மூன்றாம் நாள் திண்ணையில் முறத்தை வைத்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வலது பெருவிரல் பட்டை ஓரம் தூக்கியிருந்தது. ஆள்காட்டி விரலின் நகத்தால் அதைச் சுரண்டி ஒரே இழுப்பில் உரித்து முறத்தின் ஓரத்தில் போட்டாள். மற்ற ஒன்பதையும் தொடவில்லை.

"ஏன் அப்பாயி அத மட்டும் எடுத்துட்டீங்க?"

"கொழுந்து ஆயுற வெரலுக்கு இது நிக்காதுடி" என்றாள் அம்மா. வேலையை விட்டு இருபத்தைந்து வருஷம் ஆகிறது.

அண்ணன் மகள் செல்போனில் ஒரு படம் எடுத்தாள். எனக்கும் அனுப்பியிருக்கிறாள். நல்ல வெயில். கை கீரையில் ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்தது, ஆனாலும் கலையவில்லை. ஒன்பது நகம் சிவப்பு. பெருவிரல் வெறும் நகமாக இருக்கிறது. அதன் ஓரத்தில் கீரையின் பச்சை.